மிதிவண்டிப் பழுதும் அதன் பரிகாரமும்

நெசவாளர் ஒருவர் தம் தறிக்கும் சங்கத்திற்கும் இடையே மாதத்தில் எத்தனை முறை சென்று வருகிறார் என்று எண்ணிப் பார்த்தால், மிதிவண்டியும் ஒரு தொழிற்கருவியே என்பது தெளிவாக விளங்கும். பாவு நூலும் ஊடை நூலும் வீட்டிற்கு வருவது அதன் கேரியரில்; நெய்து மடித்த சேலை சங்கத்திற்குச் செல்வதும் அதன் கேரியரில்தான். பயிர்த்தொழில் செய்வோர்க்கும் இஃது பொருந்தும். பாற்கேனும் உரமூட்டையும் காய்கறிக் கூடையும் ஏறிச் செல்லும் வண்டி அதுவே. மோட்டார் சைக்கிள்கள் பெருகிவிட்ட இந்நாளிலும், எண்ணெய்ச் செலவின்றி உழைக்கும் மிதிவண்டியைக் கைவிடாத அங்கத்தினர்கள் நம்மிடையே பலர் உளர்.

தறியில் நாடா சிக்கினாலும் விழுது அறுந்தாலும் நெசவாளர் அப்பொழுதே எழுந்து சரிசெய்கிறார். கமலைக் காலத்தில் வடம் தேய்ந்ததை உழவர் முன்கூட்டியே கண்டு மாற்றினார். ஆனால் மிதிவண்டி ஒன்று மட்டும் வழியில் நின்றுவிட்ட பின்னரே நம் கவனத்திற்கு வருகிறது. இது சிக்கனமன்று. மிதிவண்டியின் பழுது பெரும்பாலும் திடீரென்று நேர்வதில்லை; சில நாட்களுக்கு முன்னரே சத்தத்தாலோ ஆட்டத்தாலோ அறிவித்துவிட்டே வருகிறது. அவ்வறிவிப்பைப் புரிந்துகொள்வது எப்படி, வழியில் நின்றுவிட்டால் நம் கையாலேயே செய்யக்கூடியது எவ்வளவு என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நாட்டரசன்கோட்டையின் சுற்றுப்புறத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஆறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள சங்கத்திற்கு ஒருவர் செல்வதாக வைத்துக்கொள்வோம். மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் அரை மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். பாரத்துடன் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதானால் மணிக்கு நான்கு கிலோமீட்டருக்கு மேல் இயலாது. ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் பால் சேகரிக்கும் நேரம் முடிந்துவிடும். நூல் வழங்கும் எழுத்தர் மதிய உணவிற்குச் சென்றிருப்பார். பஞ்சர் ஒட்டும் கூலி சிறிது. நம் கைவிட்டுப் போவது ஒரு நாளின் உழைப்பு. பழுதின் உண்மையான விலை கடைக்காரரிடம் கொடுக்கும் காசு அன்று, இழந்த பொழுதேயாகும்.

நம் வட்டாரத்திற்கும் வண்டித் தொழிலுக்கும்

காரைக்குடிக்கு அருகிலுள்ள பள்ளத்தூரைச் சேர்ந்த முருகப்பா குடும்பத்தார், இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்துடன் கூடி 1949-ஆம் ஆண்டில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். அதன் தொழிற்சாலை சென்னையை அடுத்த அம்பத்தூரில் எழுந்தது. ஹெர்குலிஸ் என்னும் பெயர் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பழகிப்போனது இவ்வாறுதான். அதே காலத்தில் வடநாட்டிலும் வேறு பல தொழிற்சாலைகள் தோன்றின.

இவை பெரும்பாலும் வெளியிட்ட கறுப்புநிறக் கனவண்டியின் அமைப்பு இத்தனை ஆண்டுகளில் அதிகம் மாறவில்லை. இருபத்தெட்டு அங்குலச் சக்கரம், இரும்புக் கம்பியால் இயங்கும் பிரேக், ஒற்றைப் பற்சக்கரம் ஆகியவை பல கம்பெனி வண்டிகளிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே அமைந்தன. ஒரு வண்டியின் உறுப்பு மற்றொன்றிற்குப் பொருந்துவதாலேயே, சிற்றூர்க் கடையில்கூட இதன் உதிரிப்பாகம் கிடைக்கிறது. புதிதாக வண்டி வாங்குவோர் இதனை நினைவில் வைத்தல் நலம். பளபளப்பையும் கியர்களின் எண்ணிக்கையையும் பார்ப்பதற்கு முன், அதன் டயரும் டியூபும் பிரேக் கட்டையும் நம் ஊர்க் கடையில் கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும்.

காற்று இறங்குதல்

வழியில் நேரும் இடையூறுகளுள் முதன்மையானது இதுவே. நம் பகுதியில் சாலையோரமும் கண்மாய்க் கரையும் சீமைக் கருவேல மரம் அடர்ந்திருப்பதை யாவரும் அறிவர். அதன் முள் டயரைத் துளைக்கும் வல்லமை உடையது. விறகு ஏற்றிய வண்டி சென்ற தடத்தில் உதிர்ந்து கிடக்கும் முட்களே பெருங்கேடு செய்கின்றன. இயன்றவரை அத்தடத்தை விலக்கிச் செல்க.

சக்கரத்தில் காற்று இல்லையென்று கண்டவுடன் இறங்கிவிட வேண்டும். “கடை அருகில்தானே” என்று ஏறி மிதித்தால், ரிம் டியூபை நசுக்கி ஓர் ஓட்டையைப் பல ஓட்டைகளாக்கும். வால்வின் அடியும் கிழியும். வால்வின் அடி கிழிந்த டியூப் ஒட்டுக்கு அடங்குவது அரிது.

இறங்கியதும் டயரைக் கழற்ற முனைய வேண்டா. முதலில் வால்வைச் சோதிக்க வேண்டும். காற்றடித்து, வால்வின் வாயில் விரலால் சிறிது எச்சில் தொட்டு வைத்தால், கசிவு இருப்பின் குமிழி எழும். நம் பழைய வகை வால்வுக்குள் ஒரு சிறு ரப்பர் குழாய் உண்டு. கடைகளில் அதனை வால்டியூப் என்பர். வெளியிலிருந்து வரும் காற்றுக்கு அது வழிவிடுகிறது. உள்ளிருக்கும் காற்று அதனையே துளையின்மேல் அழுத்தி வாயிலை மூடுகிறது. வெயிலில் காய்ந்து அது வெடித்துவிட்டால் காற்று நில்லாது. விரல் நீளத் துண்டு ஒன்று பையில் இருந்தால், பஞ்சர் என்று நாம் நினைத்த பழுது இரண்டு நிமிடத்தில் நீங்கிவிடும்.

வால்வில் குறையில்லையெனின் டியூபில் ஓட்டை உண்டு. அந்த ஓட்டையின் இடமே அதன் காரணத்தைக் கூறிவிடும். டயரை ஒட்டிய வெளிப்பக்கத்தில் ஒற்றைத் துளை இருந்தால் முள் அல்லது ஆணி. பக்கம் பக்கமாக இரண்டு துளைகள் இருந்தால், காற்றுக் குறைவான சக்கரம் பாரத்துடன் கல்லில் மோதி டியூப் நசுங்கியது என்று பொருள். ரிம்மை ஒட்டிய உட்பக்கத்தில் துளை இருந்தால் கம்பியின் முனை குத்தியிருக்கிறது. ரிம்முக்குள் சுற்றியுள்ள பட்டை கிழிந்திருக்கும். அப்பட்டை கடையில் கிடையாதபோது, உறுதியான துணிப் பட்டையொன்றைச் சுற்றி வைக்கலாம். நெசவாளர் வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை. காரணத்தை நீக்காமல் துளையை மட்டும் ஒட்டினால், மறுநாளும் அதே இடத்தில் ஒட்டுப்போட நேரும்.

ஒட்டுப்போடும் முறை

டயரின் ஓரத்தை நெம்ப, அதற்கெனவுள்ள மழுங்கிய நெம்புகோல் இரண்டு வேண்டும். திருப்புளியால் நெம்பினால் டியூபில் புதிய ஓட்டை விழும். வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி ஒரு பக்கத்து ஓரத்தை மட்டும் வெளியேற்றி டியூபை உருவுக. சிறிது காற்றடித்துத் தண்ணீரில் சிறிது சிறிதாக அமிழ்த்தி வந்தால், குமிழி எழும் இடம் தெரியும். ஒரு துளை கண்டதும் நிறுத்தாமல் முழுச் சுற்றும் பார்த்துவிட வேண்டும்.

துளையின் இடத்தை நன்றாகத் துடைத்து உலர்த்துக. பின்னர் ஒட்டைக் காட்டிலும் சற்று அகலமாக உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். அங்குள்ள வழவழப்புப் போனாலன்றி ஒட்டு நில்லாது. சொல்யூஷனை மெல்லிய பூச்சாகத் தடவி, அதன் ஈரப்பளபளப்பு அடங்கும்வரை ஐந்து நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். பலர் தவறுவது இவ்விடத்திலேயே. ஈரத்தின்மேல் வைத்த ஒட்டு வெயில் பட்டதும் நழுவிவிடும். பொறுத்திருந்து வைத்த ஒட்டோ டியூபின் ஆயுள் உள்ளவரை கிடக்கும். ஒட்டை நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்தி, மேலே சிறிது சுண்ணக்கட்டித் தூள் தடவுக. இல்லையேல் டியூப் டயரோடு ஒட்டிக்கொள்ளும்.

டியூபைத் திரும்ப வைக்கும் முன், டயரின் உட்புறம் முழுவதையும் ஒரு பழந்துணியால் வழித்துப் பார்க்க வேண்டும். முறிந்த முள்முனை அங்கே தங்கியிருந்தால் துணி அதில் மாட்டும். விரலால் தடவினால் விரலிலேயே ஏறும். டயரின் ஓரத்தைக் கட்டைவிரல்களாலேயே உள்ளே தள்ளுக. கடைசிப் பகுதி வால்வின் அருகே வருமாறு பார்த்து, வால்வைச் சற்று உள்ளே தள்ளி இழுத்தால் டியூப் ஓரத்தில் சிக்காது.

காற்றின் அளவு பற்றியும் ஒரு சொல். பின்சக்கரம் பாரம் தாங்குவது. கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்காத அளவு காற்று அதற்கு வேண்டும். முன்சக்கரத்தில் சற்றுக் குறைவாக இருக்கலாம். கோடையில் நண்பகல் வெயிலில் வண்டியை நிறுத்தி வைப்பது தகாது. டியூபினுள் அடைபட்ட காற்றின் வெப்பம் 27 டிகிரியிலிருந்து 57 டிகிரிக்கு ஏறினால், அதன் அழுத்தம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. புதிய டயர் அதனைத் தாங்கும். பக்கம் வெடித்த பழைய டயர் தாங்காது. புளியமரத்து நிழல் இருக்க வெயிலில் நிறுத்துவானேன்?

செயின்

செயின் அடிக்கடி கழல்வதற்குத் தளர்ச்சியே காரணம். மேல்வரிசையின் நடுவே விரலால் தூக்கினால் அரையங்குலம் ஏறி இறங்கலாம். அதற்கு மேற்பட்டால் பின்சக்கரத்து நட்டுகளைத் தளர்த்திச் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து முடுக்க வேண்டும். முடுக்கும்போது சக்கரம் இருபுறமும் சமமாக நிற்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

வழியில் செயின் கழன்றால், முதலில் பின்னுள்ள சிறு பற்சக்கரத்தில் மாட்டுக. பின்னர் முன்னுள்ள பெரிய பற்சக்கரத்தின் அடிப்பற்களில் மாட்டி, பெடலைப் பின்புறமாக மெல்லச் சுழற்றினால் தானே ஏறிக்கொள்ளும். விரலைப் பற்களுக்கிடையே கொடுத்தல் ஆகாது. ஒரு குச்சி போதும்.

செயின் தேய்ந்துவிட்டதா என்று அறிய ஒரு எளிய அளவு உண்டு. அதன் கண்ணிகள் அரையங்குல இடைவெளி உடையவை; எனவே புதிய செயினில் இருபத்து நான்கு கண்ணிகள் சரியாகப் பன்னிரண்டு அங்குலம் இருக்கும். அளவுகோலை வைத்துப் பார்க்கும்போது அரைக்கால் அங்குலம் கூடுதலாகக் காட்டினால் அச்செயினை மாற்ற வேண்டும். மாற்றாது ஓட்டினால் அது பற்சக்கரங்களையும் தேய்த்துவிடும். ஒரு செலவு மூன்று செலவாகும்.

எண்ணெய் இடுவதிலும் முறை உண்டு. கடலை எண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் நாளடைவில் பிசினாக இறுகுவதால், மெஷின் ஆயிலையே துளித்துளியாக விட வேண்டும். விட்டபின் மேலுள்ள மிகையைத் துணியால் துடைப்பது இன்றியமையாதது. எண்ணெய்ப் பசையில் செம்மண் தூசி படிந்தால் அது அரைக்கும் மாவாகி இரும்பையே தின்னும். அன்றியும், கேரியரில் கண்டாங்கிச் சேலை கொண்டு செல்பவரின் செயினில் வழியும் எண்ணெய், சேலையில் ஒரு துளி தெறித்தால் போதும். பல நாள் உழைப்பின் மதிப்புக் குறைந்துவிடும்.

பிரேக்

மற்றப் பழுதுகள் நேரத்தைக் கெடுப்பவை. பிரேக்கின் பழுது உயிரைக் கெடுப்பது. கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே அரைக்கால் அங்குல இடைவெளி போதும். இருபுறத்துக் கட்டைகளும் ஒரே நேரத்தில் ரிம்மைத் தொட வேண்டும். கட்டையின் ரப்பர் தேய்ந்து அதன் இரும்புக் கூடு ரிம்மை உராயும்வரை காத்திருத்தல் பேதைமை. ரிம்மிலோ கட்டையிலோ எண்ணெய் படலாகாது.

மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் உடனே பிடிப்பதில்லை. கட்டை முதலில் நீரை வழித்தெடுத்த பின்னரே உராய்வு பிறக்கிறது. ஆதலின் ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் திருப்பத்திற்கு வெகு முன்னரே மெல்லப் பிரேக்கை அழுத்தத் தொடங்க வேண்டும். பாரம் ஏற்றிய வண்டிக்கு முன், பின் பிரேக்குகள் இரண்டும் வேலை செய்தாக வேண்டும். இருட்டில் வருவோர்க்குப் பின்புறச் சிவப்புப் பிரதிபலிப்பானும் தேவை.

கிராங்கும் பெடலும்

மிதிக்கையில் ஒவ்வொரு சுற்றிலும் ‘டொக்’ என்று ஒருமுறை சத்தமும் காலில் ஒரு வெட்டும் தெரிந்தால், கிராங்கைப் பிணைக்கும் காட்டர் பின் தளர்ந்திருக்கிறது. அதனைச் சுத்தியலால் உரிய அளவு அடித்து இறுக்கிய பிறகே நட்டை முடுக்க வேண்டும். நட்டை மட்டும் முடுக்குவதால் பின் இறுகாது, மரைதான் அறுந்துபோகும். தளர்ந்த பின்னோடு நாட்கணக்கில் ஓட்டினால் கிராங்கின் துளையே அகன்று, சில ரூபாய்ப் பின்னுக்குப் பதில் கிராங்கையே வாங்க நேரும்.

பெடலைக் கழற்றுவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். வலப்பெடலின் மரை வழக்கமானது. இடப்பெடலின் மரை மாறானது. அதனைக் கழற்றக் கடிகார முள் செல்லும் திசையில் திருப்ப வேண்டும். இதனை அறியாமல் வலிந்து திருப்பி மரையைக் கெடுத்தவர் பலர்.

சக்கரமும் கம்பிகளும்

கனவண்டியின் முன்சக்கரத்தில் 32 கம்பிகளும் பின்சக்கரத்தில் 40 கம்பிகளும் இருப்பது வழக்கம். பாரம் பின்னால் இருப்பதே இவ்வேற்றுமைக்குக் காரணம். ஒரு கம்பி முறிந்தால் அதன் பங்கை அண்டைக் கம்பிகள் சுமக்கின்றன. அவையும் அயர்ந்து ஒவ்வொன்றாக முறிகின்றன. பிறகு சக்கரம் கோணுகிறது. முறிந்த கம்பியை உடனே பக்கத்துக் கம்பியில் சுற்றிவிட்டு, அன்றைய தினமே மாற்றிவிட வேண்டும். கோட்டம் எடுத்தல் கைத்தேர்ச்சி வேண்டும் வேலை. அதனைக் கடைக்காரரிடம் விடுவதே முறை. பாரத்தை ஒரே புறம் தொங்கவிடாமல் இருபுறமும் சமமாகவும் தாழ்வாகவும் கட்டினால் கம்பிகள் நீடித்து உழைக்கும்.

சக்கரத்தின் குண்டுகள் சரியாக உள்ளனவா என்று அறிய, சக்கரத்தைத் தரையினின்றும் தூக்கி மெல்லச் சுற்றிவிடுக. நன்னிலையிலுள்ள முன்சக்கரம் மெதுவாக ஓய்ந்து, வால்வு அடிப்பக்கம் வந்து நிற்கும். வால்வின் சிறு எடையே அதனை இழுத்துவிடும். இடையில் முரண்டி நின்றால் கோன் மிக இறுகியிருக்கிறது அல்லது உள்ளே மண் சேர்ந்திருக்கிறது. பக்கவாட்டில் மிகுதியாக ஆடினால் தளர்ந்திருக்கிறது.

மழைக்காலம் ஓய்ந்த பின் ஆண்டுக்கொரு முறை வண்டி முழுவதையும் பிரித்து, குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, புதிய கிரீஸ் இட்டுப் பூட்டுவதை ஓவராயில் என்பர். தைப் பொங்கலுக்குப் பின் வரும் முதல் செவ்வாயன்று நாட்டரசன்கோட்டையில் கண்ணுடைய நாயகி அம்மன் கோயில் முன் செவ்வாய்ப் பொங்கல் நடைபெறுகிறது. வீட்டிற்கு வெள்ளையடிக்கும் அந்நாட்களையே வண்டியின் ஓவராயிலுக்கும் உரிய நாட்களாக வைத்துக்கொண்டால் மறதிக்கு இடமிராது.

வாரத்திற்குப் பத்து நிமிடம்

வாரத்தில் ஒருநாள், பத்து நிமிடம் ஒதுக்கினால் மேற்கூறிய பழுதுகளுட் பெரும்பாலானவை தலைகாட்டா. காற்றை அழுத்திப் பார்த்தல், டயரில் பதிந்த முட்களை உள்ளே ஏறுமுன் பிடுங்குதல், பிரேக் இரண்டையும் பிடித்துப் பார்த்தல், கம்பிகளை விரலால் தட்டி, தளர்ந்த ஒலியுடையதைக் கண்டறிதல், நட்டுகளை முடுக்குதல், செயினைத் துடைத்து எண்ணெய் இடுதல். இவ்வளவே.

சீட்டின் பின்னால் தொங்கும் பையில் ஒரு ஸ்பானர், நெம்புகோல் இரண்டு, ஒட்டுத்துண்டுகள், சொல்யூஷன், உப்புத்தாள், வால்டியூப் துண்டு, பழந்துணி ஆகியவையும், வண்டியில் ஒரு கைப்பம்பும் இருந்தால் வழிப்பயணத்திற்குப் போதும்.

இவற்றைக் கற்பது ஆடவர்க்கே உரியதென்று எண்ணுதல் தவறு. அண்டை மாவட்டமாகிய புதுக்கோட்டையில் 1991-92 ஆண்டுகளில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சித் தலைவராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். எழுத்தறிவோடு மிதிவண்டியும் அவர்கள் கைக்கு வந்தது. தண்ணீருக்கும் சந்தைக்கும் பிறர் துணையை எதிர்பாராமல் அவர்கள் சென்றனர். ஓட்டத் தெரிந்தவர் ஒட்டவும் கற்றால்தான் அச்சுதந்தரம் முழுமை பெறும். அரசு பள்ளி மாணவியர்க்கு விலையின்றி அளித்த மிதிவண்டிகள் நம் வீடுகளில் உள்ளன. சிறு பழுதிற்காக அவை சுவரில் சாய்ந்து துருவேறுவதை எமது சுற்றுப்பயணங்களில் எத்தனையோ ஊர்களில் காண்கிறோம்.

சங்கம் செய்யக்கூடியது

தனி ஒருவர் பெரிய பம்பும் முழுக் கருவிப்பெட்டியும் வாங்குவது வீண்செலவு. ஐம்பது பேர் கூடி ஒன்று வாங்கினால் அது சிக்கனம். 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் இருபத்தெட்டுப் பேர் கூடிக் கூட்டுறவுக் கடை திறந்தபோது, மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலியவற்றையே விற்றனர். அவர்களுள் நெசவாளர் பலர் இருந்தனர். அன்றாடத் தேவையில் தொடங்கியதே அவர்களது வெற்றிக்கு வித்தாயிற்று. நம் சங்கங்களும் அவ்வழியைப் பின்பற்றலாம்.

துணைவிதிகள் இடந்தரும் அளவில், நிர்வாகக் குழுவின் தீர்மானம் பெற்று, சங்கக் கட்டடத்தின் வாயிலில் ஒரு கால்பம்பும் ஒரு கருவிப்பெட்டியும் வைக்கலாம். ஒட்டுத்துண்டு, வால்டியூப், பிரேக் கட்டை ஆகியவற்றை மொத்தமாக வாங்கி அடக்க விலைக்கு அங்கத்தினர்க்கு வழங்கலாம். எடுத்தவர் பெயரும் திருப்பித் தந்த நாளும் எழுத ஒரு சிறு பதிவேடு கட்டாயம் வேண்டும். பதிவேடு இல்லாத பொதுப்பொருள் மூன்று மாதத்தில் காணாமற்போகும் என்பது தணிக்கையில் நாம் கண்ட அனுபவம். ஊரில் சைக்கிள் கடை நடத்துபவரை ஒருநாள் அழைத்து, உரிய கூலி தந்து, அங்கத்தினர்க்கு ஒட்டும் முறையைச் செய்து காட்டச் சொல்லலாம். இதனால் அவருடைய பிழைப்புக் குறையாது. கோட்டம் எடுப்பதும் ஓவராயிலும் என்றும் அவரிடமே செல்லும்.

நூல் தட்டுப்பாடும் மழையின்மையும் நம் கையில் இல்லை. வழியில் நிற்கும் வண்டியால் போகும் பொழுதைக் காப்பதோ நம் கையில் உள்ளது. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனை ஒரு பொருளாக எடுத்து ஆலோசிப்பார்களென நம்புகிறோம்.